பனி ஆந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்டாரியோ ஏரிக்கரைப் பக்கம் குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே பனி ஆந்தைப் பித்து எனக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து டிசம்பர் தொடங்கி மார்ச் வரை, கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் வயல்வெளிச் சாலைகளில் அதைத் தேடி அலைகிறேன். படங்களைப் பார்க்கிற உறவினர்களும், கூட வருகிற பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடைசியில் இருப்பது என் மகள் கேட்டது.

நம் ஊரில் இருக்கும் வெள்ளை ஆந்தையும் இதுவும் ஒன்றா?

இல்லை. தமிழ்நாட்டில் கோயில் கோபுரத்திலும் பாழடைந்த கட்டடங்களின் பொந்திலும் இருப்பது கூகை. இதய வடிவ முகம், கறுத்த கண், அரைக் கிலோவை ஒட்டிய எடை. கிணற்றிலோ மொட்டை மாடியிலோ ஒரு கூகை அகப்பட்டால் ‘அபூர்வ வெள்ளை ஆந்தை’ என்று செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு, பனி ஆந்தை நம் ஊருக்கே வந்துவிட்டதா என்று எனக்கு எழுதுகிறார்கள்.

பனி ஆந்தை வடதுருவத்தைச் சுற்றியிருக்கும் மரமே இல்லாத துந்திரா வெளியின் பறவை. அலாஸ்காவின் வடகரை, கனடாவின் வடக்குத் தீவுகள், கிரீன்லாந்து, ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை, ஏதோ சில ஆண்டுகளில் மட்டும் ஸ்காண்டிநேவியா. அது பிறக்கும் இடங்கள் இவைதான். உருண்டைத் தலை, மஞ்சள் கண், கால்விரல் வரை மூடிய இறகு. பெண் பறவை 2 கிலோவுக்கு மேல் இருக்கும். நன்றாக இரை கிடைத்த பெண் 3 கிலோவை எட்டிவிடும். வட அமெரிக்க ஆந்தைகளில் எடையில் இதை மிஞ்சியது இல்லை.

உறவு என்று பார்த்தால் கூகையைவிட, நம் பாறைக்குன்றுகளில் இரவில் குமுறும் கொம்பன் ஆந்தைக்குத்தான் இது நெருக்கம். இரண்டும் ‘புபோ’ என்ற ஒரே பேரினம். நெடுங்காலம் பனி ஆந்தையைத் தனியாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு கொம்பன் ஆந்தைகளோடு சேர்த்தார்கள். இதற்கும் தலையில் மிகச் சிறிய இறகுக் கொம்புகள் உண்டு. எப்போதும் படிந்தே கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எல்லாப் பனி ஆந்தையும் தூய வெள்ளையா?

வயதான ஆண்தான் அப்படி. இளம் ஆணின் உடம்பில் கறுப்புத் திட்டுகளும் வரிகளும் இருக்கும். வயது கூடக்கூட அவை குறைந்து, கடைசியில் ஏறக்குறைய வெறும் வெள்ளையாகிவிடும். பெண்ணுக்குக் கடைசிவரை பழுப்பு வரிகள் போகாது. முதல் ஆண்டுப் பெண் குஞ்சு எல்லாவற்றையும்விடக் கருமையாக, நெருக்கமான வரிகளோடு இருக்கும். 1758-ல் பறவைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், இந்த ஆணையும் பெண்ணையும் இரண்டு தனி இனங்களாகவே பதிவு செய்திருந்தார். வேறுபாடு அவ்வளவு.

பெண்ணின் வரிகளுக்குப் பயன் உண்டு. அது அடைகாக்கும் ஜூன் மாதத்தில் பனி உருகி, மண்ணும் பாசியும் கற்களும் வெளியே தெரியும். அந்தத் தரையில் வெள்ளைப் பறவை பளிச்சென்று தெரியும். வரி போட்ட பறவை கல்லோடு கல்லாகிவிடும்.

ஹாரி பாட்டர் படங்களில் வருமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கதையில் அது பெண். நடித்தவை ஆண் பறவைகள். அந்த வெண்மையே சொல்லிவிடும்.

பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது என்பார்களே?

பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பனி ஆந்தை பிறக்கும் ஊரில் அந்தக் கணக்கு நடக்காது. அலாஸ்காவின் வட நுனியில் இருக்கும் உத்கியாக்விக் என்ற ஊரில், மே மாதம் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை சூரியன் மறைவதே இல்லை. குஞ்சுகள் வாயைத் திறந்து காத்திருக்கும் மாதங்கள் அவைதான். இருட்டட்டும் என்று இருந்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். அதனால் எந்த நேரமும் அதற்கு வேட்டை நேரமே.

குளிர்காலத்தில் தெற்கே வந்ததும் வழக்கம் மாறுகிறது. பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். பொழுது சாயும்போதுதான் கிளம்பும். ஒரு முறை காலை பதினோரு மணியிலிருந்து வண்டிக்குள் இருந்தபடி ஒரு பெண் ஆந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உழுது போட்ட வயலில், பனி மூடிய மண்கட்டிக்குப் பின்னால், காற்றுக்கு முகம் கொடுக்காமல் படுத்திருந்தது. கண்கள் இரண்டு கோடுகளாகச் சுருங்கியிருந்தன. தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் பை. நான்கரை மணிக்கு எழுந்து நின்றது. ஒரு இறக்கையை நீட்டி மடக்கியது, மற்றதையும் நீட்டி மடக்கியது. குனிந்து எச்சமிட்டது. பிறகு தரையை ஒட்டியே பறந்து மின்கம்பத்தில் போய் ஏறிக்கொண்டது. அங்கிருந்து தலையைத் திருப்பித் திருப்பி வயலை அளந்தது. அந்தத் தலை 270 பாகை திரும்பும். ஆந்தையால் கண்ணை உருட்ட முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத்தான் திருப்ப வேண்டும்.

இப்படிப் பகலெல்லாம் அசையாமல் கிடப்பதைப் பார்த்து, அடிபட்ட பறவை என்று நினைத்து எடுத்துப் போகப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அது ஓய்வெடுக்கிறது.

மைனஸ் 40, 50 டிகிரியை எப்படித் தாங்குகிறது?

இறகுதான். குளிரைத் தடுக்கும் திறனில் அதன் இறகுப் போர்வை ஆர்க்டிக் நரியின் ரோமத்துக்குச் சமம். பாதத்தின் மேற்புறமும் விரல்களும் ரோமக் காலுறை போட்டதுபோல் மூடியிருக்கும். நகம் மட்டும்தான் வெளியே நீட்டியிருக்கும். அலகுகூட முகத்து மயிரிறகுகளுக்குள் பாதி புதைந்திருக்கும். மிச்சத்தைப் பொறுமை பார்த்துக்கொள்கிறது. காற்று பலமானால் பறக்காமல் பள்ளத்தில் ஒடுங்கிக்கொள்ளும்.

என்ன சாப்பிடும்?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பனி ஆந்தையின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. லெமிங். எலி இனத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு பிராணி. வாலே இல்லை என்று சொல்லும்படி குட்டை வால், கைக்குள் அடங்கும் உடம்பு. துந்திராவில் புல்லையும் பாசியையும் தின்று வாழ்கிறது. வளர்ந்த ஆந்தை ஒன்று நாளைக்கு மூன்று முதல் ஐந்து லெமிங் தின்னும். ஆண்டுக் கணக்கில் 1,600 வரை போகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

லெமிங் குளிர்காலத்தில் உறங்குவதில்லை. பனிப்படலத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டாகும். மேலே மைனஸ் 30 இருந்தாலும் அங்கே குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காது. அந்த இடைவெளியில் வழி வெட்டி, புல்லால் கூடு கட்டி, நடுக் குளிர்காலத்திலேயே குட்டியும் போடும். சூழல் ஒத்துவந்தால் எண்ணிக்கை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை உச்சத்துக்கு ஏறி, பிறகு சடசடவென்று விழுந்துவிடும். லெமிங் பெருகிய கோடையில் அந்த வெளியெங்கும் ஆந்தைக் கூடுகள். விழுந்த கோடையில் அதே இடத்தில் ஒன்றுகூட இருக்காது.

பெருகிய ஆண்டில் ஆண் ஆந்தை கூட்டைச் சுற்றி இரையைக் குவித்துவிடும். 2013 கோடையில் கனடாவின் வட கியூபெக்கில் ஒரு கூட்டைப் படம் எடுத்தார்கள். நடுவே முட்டையும் குஞ்சும். சுற்றிலும் 70 லெமிங்கும் 8 வோல் எலியும் செத்துக் கிடந்தன. கல்யாண வீட்டுப் பந்திபோல வட்டமாக அடுக்கியிருந்தது. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

லெமிங் மட்டும்தானா என்றால், இல்லை. முயல், வோல் எலி, கௌதாரி போன்ற ப்டார்மிகன் பறவை எல்லாம் உண்டு. எனக்கு வியப்பைத் தந்தது வேறு. 2007-ல் கனடாவின் பைலட் தீவில் கூடு கட்டியிருந்த பெண் ஆந்தைகளின் முதுகில் செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டர் பொருத்தினார்கள். அவற்றில் பல, குளிர்காலத்தில் தெற்கே வராமல் உறைந்த கடலின் மேலேயே வாரக்கணக்கில் தங்கியிருந்தன. துருவ இருட்டில், பனிக்கட்டிக்கு நடுவே உறையாமல் திறந்திருக்கும் நீர்ப்பரப்புகளின் ஓரத்தில். அங்கே ஒதுங்கும் கடல்வாத்துகளைப் பிடித்துத் தின்றிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எலி தின்னும் பறவை என்று நினைத்த ஒன்று குளிர்காலத்தில் கடற்பறவையாக வாழ்ந்திருக்கிறது.

சிறிய இரையை முழுசாகவே விழுங்கிவிடும். செரிக்காத எலும்பும் மயிரும் உருண்டையாகித் திரும்ப வாய்வழியே வரும். கம்பத்தடியில் விழுந்து கிடந்த ஒன்றைக் குச்சியால் மெல்லப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலைவிடப் பெரியது; சாம்பல் நிற மயிர் கம்பளிபோல இறுகியிருந்தது. உள்ளே மூன்று மண்டையோடுகள், அரிசி மணி அளவில் பற்கள், நெல் உமிபோல மெல்லிய விலா எலும்புகள். முன்பற்கள் மட்டும் இன்னும் ஆரஞ்சு நிறம் மாறாமல் இருந்தன. மண்டையோட்டை எண்ணினால் எத்தனை எலி உள்ளே போயிற்று என்று தெரிந்துவிடும். ஆய்வாளர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

லெமிங் கூட்டமாகக் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்பது உண்மையா?

பொய். எண்ணிக்கை பெருகினால் இடம் தேடிக் கிளம்பும். ஆறு குறுக்கிட்டால் நீந்தும். சில மூழ்கிச் சாகும். அவ்வளவுதான்.

கூடு எங்கே கட்டும்? எத்தனை முட்டை?

மரம் கிடையாது, அதனால் கூடு தரையில்தான். சுற்றுவெளியைவிடக் கொஞ்சம் உயர்ந்த மேடாகப் பார்த்து, பெண் பறவை நகத்தால் பறித்து, நெஞ்சை அழுத்தி ஒரு குழி செய்யும். சுள்ளியும் இல்லை, புல்லும் இல்லை. அந்த மேட்டில் பனி முதலில் உருகும், காற்றில் ஈரம் காயும், நாலாபுறமும் பார்வை போகும். இந்த வசதிகளால் ஒரே மேட்டைத் தலைமுறை தலைமுறையாக வெவ்வேறு ஆந்தைகள் பயன்படுத்துகின்றன. எச்சமும் எலும்பும் உரமாகி, அந்த மேடு மட்டும் பச்சையாகத் தனியே தெரியும்.

அதற்கு முன்னால் ஆண் பறவை சீதனம் காட்ட வேண்டும். ஒரு லெமிங்கை அலகில் கவ்விக்கொண்டு, இறக்கையை உயர்த்தித் தாழ்த்தி அலையலையாகப் பறந்து, பெண்ணின் கண்ணில் படும்படி இறங்கும். இரையைத் தரையில் வைத்துவிட்டு, இறக்கைகளைப் பாதி தூக்கிக் குனிந்து நிற்கும். லெமிங் இல்லாத ஆண்டில் காட்ட ஒன்றும் இருக்காது. ஜோடியும் சேராது, முட்டையும் இராது.

ஒரு ஈட்டுக்கு மூன்று முதல் பதினொன்று வரை முட்டை. எத்தனை என்பதை லெமிங்தான் தீர்மானிக்கிறது. முட்டைகள் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒன்றாக வரும். பெண் முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் 32 நாள் கழித்துக் குஞ்சுகளும் அதே இடைவெளியில்தான் பொரியும். மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு வாரத்துக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கலாம். ஒரே கூட்டில் ஒன்று எழுந்து நடக்கும் அளவில், இன்னொன்று கண் திறக்காத ஈரக் குஞ்சாக. இரை குறைந்தால் கடைசிக் குஞ்சுகள் பிழைப்பதில்லை. கொடுமையாகத் தோன்றும். இருப்பதைச் சமமாகப் பங்கு வைத்தால் எல்லாமே சாகும் என்ற நிலையில் இந்த இடைவெளிதான் இரண்டு மூன்றையாவது காப்பாற்றுகிறது.

அடைகாப்பது பெண் மட்டும். ஆண் அதற்கும் சேர்த்து வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுக்கும். குஞ்சுகள் மூன்று வாரத்தில், பறக்கத் தெரியாமலே, நடந்து கூட்டைவிட்டு வெளியேறிவிடும். சாம்பல் நிறத் தூவியோடு கற்களுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் இருந்தால் நரி ஒரே வாயில் முடித்துவிடும். பறக்க ஏழு வாரம் ஆகும். அதுவரை தாயும் தந்தையும் ஒவ்வொன்றையும் தேடிப் போய் ஊட்ட வேண்டும்.

ஆந்தைக் கூட்டின் பக்கத்திலேயே வாத்துகள் கூடு கட்டுமாமே?

கட்டும். ரஷ்யாவின் ராங்கல் தீவிலும் கனடாவின் பைலட் தீவிலும் பனிவாத்துகள் ஆந்தைக் கூட்டைச் சுற்றிக் கூடு கட்டுவதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். முட்டை திருட வரும் ஆர்க்டிக் நரிதான் வாத்தின் பெரும்பகை. ஆண் ஆந்தை தன் கூட்டை நெருங்கும் எதையும் விடாது. நரி, ஓநாய், மனிதர் எல்லாம் ஒன்றுதான். பின்னாலிருந்து இறங்கி நகத்தால் அடிக்கும். ஆந்தை தன் கூட்டைத்தான் காக்கிறது. அந்தக் காவலின் நிழலில் வாத்தும் பிழைத்துக்கொள்கிறது.

இது வலசைப் பறவையா? ஆண்டுதோறும் ஒரே இடத்துக்குத் திரும்புமா?

நம் ஊருக்கு வரும் வலசைப் பறவைகளை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. வேடந்தாங்கலுக்கு வரும் பறவை மறு ஆண்டும் அதே ஏரியைத் தேடி வரும். பனி ஆந்தைக்கு அப்படிச் சொந்த ஊர் கிடையாது. முன்பு சொன்ன பைலட் தீவுப் பெண் ஆந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு கோடையில் கூடு கட்டிய இடத்துக்கும் மறு கோடையில் கட்டிய இடத்துக்கும் இடையே சராசரியாக 725 கிலோமீட்டர். ஒன்று 2,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போயிருந்தது. அலாஸ்காவில் டிரான்ஸ்மிட்டர் கட்டிய ஆந்தைகள் கடலைத் தாண்டி ரஷ்யாவுக்குப் போயிருக்கின்றன. வசந்தத்தில் துந்திராவை வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். லெமிங் எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே இறங்கிவிடும்.

இப்படி ஊர் மாறும் பறவை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்ட கதையும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தில் ஃபெட்லர் என்ற சிறு தீவு. 1967-ல் அங்கே ஒரு ஜோடி கூடு கட்டியது. 1975 வரை ஆண்டு தவறாமல் கட்டியது. அங்கே லெமிங் கிடையாது. முயல் பிடித்தே குஞ்சுகளை வளர்த்தன. பிறகு ஆண் வரவில்லை. பெண் பறவைகள் மட்டும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தத் தீவில் தங்கியிருந்தன.

சில குளிர்காலங்களில் மட்டும் தெற்கே கூட்டமாக வருகிறதே, பசியாலா?

இப்படித்தான் நெடுங்காலம் நம்பினார்கள். வடக்கே லெமிங் அழிந்து, பட்டினியில் ஓடிவருகிறது என்று. 2013–14 குளிர்காலம் அந்த எண்ணத்தை மாற்றியது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையெங்கும் பனி ஆந்தைகள். ஒன்று புளோரிடா வரை போனது. பெர்முடா தீவில்கூடப் பார்த்தார்கள். அப்போது தொடங்கிய ‘ஸ்னோஸ்டார்ம்’ என்ற ஆய்வுத் திட்டத்தினர் பிடித்து எடைபோட்ட பறவைகளில் பெரும்பாலானவை நல்ல கொழுப்போடு இருந்தன. ஏறக்குறைய எல்லாமே அந்தக் கோடையில் பிறந்த இளம் பறவைகள். 70 லெமிங் சுற்றிக் கிடந்த அந்தக் கூடு நினைவிருக்கிறதா? அதே கோடை, அதே வட கியூபெக். கூடு நிறையக் குஞ்சு பொரித்து, எல்லாம் பிழைத்து, வேட்டைக்கு இடம் தேடி இளசுகள் இறங்கி வந்திருக்கின்றன. பசியால் வந்த கூட்டம் அல்ல.

அதற்காக வந்தவை எல்லாம் சுகமாகத் திரும்பின என்று சொல்ல முடியாது. சாலை, மின்கம்பி, எலி விஷம் எதையும் முன்பின் அறியாத பறவைகள். வண்டியில் அடிபட்டுச் செத்தவை ஏராளம்.

விமான நிலையங்களில் ஏன் அடிக்கடி பார்க்கிறோம்?

ஆந்தையின் கண்ணுக்கு ஓடுபாதை ஒரு துந்திரா. தட்டையான, மரமில்லாத, குட்டைப் புல் வளர்ந்த பெரிய வெளி, எலியும் உண்டு. அது இறங்கத்தான் செய்யும். விமான எஞ்சினில் மோதினால் பறவைக்கும் சாவு, பயணிகளுக்கும் ஆபத்து. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் சில ஆந்தைகளைச் சுட்டுக் கொன்றபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சுடுவதை விட்டுவிட்டுப் பிடித்து வேறிடத்தில் விடுவதாக அறிவித்தார்கள். பாஸ்டனின் லோகன் விமான நிலையத்தில் நார்மன் ஸ்மித் என்பவர் 1981-லிருந்தே இதைச் செய்துவந்தார். பிடித்து, கால்வளையம் மாட்டி, கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுவார். பல நூறு ஆந்தைகள் அவர் கையால் தப்பின.

ஆர்க்டிக் மக்களுக்கு இந்த ஆந்தை என்ன?

அலாஸ்காவின் வடக்கில் வாழும் இன்யூபியாட் மக்களின் மொழியில் ‘உக்பிக்’, கிழக்கே கனடாவின் இனுயிட் மக்கள் பேச்சில் ‘ஊக்பிக்’. அலாஸ்காவின் அந்த உத்கியாக்விக் ஊருக்குப் பனி ஆந்தையை வேட்டையாடும் இடம் என்று பொருள்படும் ‘உக்பியாக்விக்’ என்ற பெயரும் உண்டு. அந்த மக்களுக்கு அது பார்த்து ரசிக்கும் பறவை மட்டுமல்ல, உணவும்தான். அதை நாம் குறை சொல்வதற்கில்லை. 1992-லிருந்து அங்கே கூடுகளை எண்ணிவரும் டென்வர் ஹோல்ட் வேலை செய்வதும் அவர்கள் நிலத்தில்தான்.

கியூபெக் மாகாணம் 1987-ல் இதைத் தன் மாகாணப் பறவையாக்கியது. அதற்கெல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்சின் துரோவா ஃபிரேர் குகைச் சுவரில் யாரோ ஒரு ஜோடிப் பனி ஆந்தையையும் நடுவே குஞ்சையும் கீறி வைத்திருக்கிறார்கள். பனியுகத்தில் அது அங்கே வாழ்ந்தது.

எத்தனை மிச்சம்? அழிந்துவருகிறதா?

முன்பெல்லாம் உலகில் 2 லட்சம், 3 லட்சம் என்று எழுதினார்கள். இடத்துக்கு இடம் ஓடும் பறவையை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக எண்ணினால் ஒன்றையே பல முறை எண்ணிவிடுவோம். பிற்கால மதிப்பீடு 28,000 வளர்ந்த பறவைகள் என்ற அளவுக்கு இறங்கியது. 2017-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயூசிஎன் இதை ‘அழிவை எதிர்நோக்கக்கூடியவை’ பட்டியலில் சேர்த்தது.

எனக்கு அச்சம் தருவது கிரீன்லாந்துச் செய்திதான். வடகிழக்கு கிரீன்லாந்தின் டிரெய்ல் தீவில் லெமிங் ஏற்றஇறக்கத்தைப் பல ஆண்டுகள் அளந்துவந்தார்கள். 2000-ஐ ஒட்டி அந்த ஏற்றமே நின்றுபோனது. உச்ச ஆண்டு வரவில்லை. அங்கே வளர்ந்து பறந்த பனி ஆந்தைக் குஞ்சுகளின் எண்ணிக்கை 98 சதவீதம் சரிந்தது. யாரும் சுடவில்லை, கூட்டைக் கலைக்கவில்லை. பனி மாறிவிட்டது. குளிர்காலத்தில் குளிர் தணிந்து பனி உருகி மறுபடி உறைந்தாலோ, பனிமேல் மழை பெய்தாலோ, தரையோடு பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும். லெமிங் வாழ்ந்த அந்தச் சிறு இடைவெளி அடைந்துபோகும். கூடு இருக்கும் நிலத்தைக் காப்பகமாக அறிவித்துவிடலாம். அந்த இடைவெளியைக் காக்க வேலி போட முடியாது. காற்றில் நாம் ஏற்றும் கரியமில வாயுதான் குறைய வேண்டும்.

எவ்வளவு காலம் வாழும்?

முதல் குளிர்காலத்தைத் தாண்டினால் நீண்ட ஆயுள் உண்டு. 1992-ல் மாசசூசெட்சில் கால்வளையம் மாட்டிய ஒரு பெண் ஆந்தை 2015-ல் மொன்டானாவில் மறுபடி அகப்பட்டது. குறைந்தது 23 வயது.

பார்க்கப் போனால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

மீட்டர்க் கணக்கு சொல்வதைவிட இப்படிச் சொல்கிறேன்: அது கண்ணை முழுசாகத் திறந்து உங்களையே பார்த்தால், உடம்பை நிமிர்த்தி ஒல்லியாக்கினால், நீங்கள் மிக அருகே வந்துவிட்டீர்கள். பின்வாங்குங்கள். வண்டிக்குள்ளேயே இருந்து பாருங்கள். பறக்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு எலி செலவு.

கடையில் வாங்கிய எலியைப் பனியில் விட்டு, ஆந்தை பாய்ந்து வரும்போது படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சாலையோரத்தில் ஒருவர் அப்படிச் செய்ததை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது எலிக்குள் ஆந்தை அவர் வண்டிச் சத்தத்துக்கே தலையைத் திருப்பப் பழகிவிட்டது. அவர் போய்விடுவார், வண்டிச் சத்தம் கேட்டால் சாலைப் பக்கம் பறக்கும் பழக்கம் ஆந்தையிடம் இருந்துவிடும். அன்று அவரிடம் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. இப்போது நான் ஆந்தையைப் பார்த்த இடத்தை யாருக்கும் சொல்வதில்லை. படத்தைக்கூட அது கிளம்பிப் போன பிறகுதான் பகிர்கிறேன்.

மார்ச்சுக்குப் பிறகு அது எங்கே போகிறது?

வடக்கே. எவ்வளவு வடக்கே என்பது அதற்கே அப்போது தெரியாது.

ஸ்னோஸ்டார்ம் திட்டத்தினர் ஆந்தையின் முதுகில் கட்டும் டிரான்ஸ்மிட்டர் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும். இருக்கும் இடத்தைப் பகல் இரவாகக் குறித்துக்கொண்டு, செல்போன் கோபுரம் எட்டும்போது அனுப்பிவைக்கும். ஏப்ரலில் ஆந்தை வடக்கே ஏற ஏற கோபுரங்கள் குறைந்து, ஒரு நாள் செய்தி நின்றுபோகும். கருவி மட்டும் குறித்துக்கொண்டே இருக்கும். அடுத்த குளிர்காலம் அது பிழைத்து இறங்கி வந்து, ஏதோ ஒரு ஊர்க் கோபுரத்தின் எல்லைக்குள் நுழைந்தால், போன கோடை முழுவதும் ஒரே நேரத்தில் வந்து கொட்டும்: எந்தத் தீவு, எந்த மேடு, கடல்மேல் எத்தனை நாள். என் மகளோடு அப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்தேன். ஜூனில் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, வாரக்கணக்கில் நகராமல் குவிந்திருந்தன. “இங்க ஏம்பா நகரவே இல்ல?” என்று கேட்டாள். அடைகாத்துக்கொண்டிருந்தது என்றேன்.